செங்கற்சூளையில் பிறந்த கேள்வி

கோட்டுருவியலைப் புள்ளிகளும் கோடுகளும் கொண்ட விளையாட்டென்றே நாம் எண்ணிவிடுகிறோம். 1944இல் புடாபெஸ்ட் அருகே கட்டாய உழைப்பில் அடைபட்ட யூதக் கணித அறிஞர் பால் துரான், செங்கல் வண்டி தள்ளினார். ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒவ்வொரு கிடங்குக்கும் தண்டவாளம் சென்றது. தடங்கள் குறுக்கிடும் இடங்களில் வண்டி தடம்புரண்டு கற்கள் சரிந்தன. குறுக்கீடுகளை எவ்வளவு குறைக்கலாம் என்று அவர் சிந்திக்கலானார்.

மூன்று சூளைகளும் மூன்று கிடங்குகளும் இருந்தாலே ஒரு குறுக்கீடேனும் தவறாது. அவ்வமைப்போ, ஒன்றோடொன்று இணைந்த ஐந்து புள்ளிகளோ, கோடுகளின் இடையே கூடுதல் புள்ளிகள் பெற்றேனும், உட்கோட்டுருவாக ஒளிந்திருந்தால் மட்டுமே குறுக்கீடு தவிர்க்க முடியாததாகும் என்று போலந்தின் குரதோவ்ஸ்கி 1930இலேயே நிறுவியிருந்தார். குறைந்தது எத்தனை குறுக்கீடுகள் என்ற துரானின் கேள்விக்கோ பொதுவான விடை இன்றுமில்லை. 1976இல் அவர் மறைந்தார். அவர் தள்ளிய வண்டியின் பாரத்தை நாம் இன்னும் இறக்கிவைக்கவில்லை.