ரேஷன் காலத்துக் கிறிஸ்துமஸ்

இரண்டாம் உலகப் போரின் முதல் கிறிஸ்துமஸ், 1939இல், பிரிட்டனில் இருட்டடிப்புக்கு நடுவே வந்தாலும் விருந்துக்குக் குறைவில்லாமல் கழிந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் நிலைமை மாறியது. 1940 ஜனவரி 8 முதல் பேக்கன், வெண்ணெய், சர்க்கரை மூன்றும் ரேஷன் புத்தகத்துக்கு மட்டுமே கிடைத்தன. இறைச்சியும் தேயிலையும் அதே ஆண்டில் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

ரேஷன் வாரக் கணக்கில் அளக்கப்பட்டது; கிறிஸ்துமஸ் புட்டிங்கோ பல வாரச் சர்க்கரையையும் கொழுப்பையும் ஒரே பாத்திரத்தில் கேட்பது. போரின் பெரும்பகுதியில் தலைக்கு வாரம் 8 அவுன்ஸ், அதாவது சுமார் 227 கிராம் சர்க்கரைதான். அதனால் இலையுதிர் காலத்திலேயே பெரியவர்கள் தேநீரில் சர்க்கரையை நிறுத்திச் சேர்த்து வைத்தார்கள். 1940 பண்டிகை வாரத்தில் மட்டும் உணவு அமைச்சர் உல்டன் பிரபு சர்க்கரையை 12 அவுன்ஸாக உயர்த்தி, தேயிலையை இரட்டிப்பாக்கினார்.

உலர் திராட்சை போதாத இடத்தைத் துருவிய கேரட் நிரப்பியது. 1942 முதல் அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைப் பொடி, முட்டையின் வேலையைச் செய்தது. ஒரு பொட்டலம் 12 முட்டைக்குச் சமம். பாதாமில் செய்யும் மார்சிபானைச் சோயா மாவிலும் பாதாம் எசன்ஸிலும் பிசைந்தார்கள். வான்கோழி எட்டாத வீடுகளில் முயல் வெந்தது. அல்லது கொல்லையில் பிள்ளைகளே தீனி போட்டு வளர்த்த கோழி. இந்த மாற்றுகளுக்குப் பின்னால் இருந்த உழைப்பு பெரும்பாலும் தாய்மாருடையது. கிடைத்ததைக் கொண்டு அவர்கள் செய்த பண்டத்தையே பிள்ளைகள் கிறிஸ்துமஸின் ருசியாக அறிந்தார்கள். போருக்கு முந்தைய புட்டிங்கைச் சாப்பிட்ட நினைவு சின்னஞ்சிறுசுகளுக்கு இல்லை.

மிட்டாய்க்கு 1942 ஜூலை 26 அன்று ரேஷன் வந்தது. விரைவிலேயே அது நான்கு வாரத்துக்கு 12 அவுன்ஸ் என்று நிலைத்தது. கட்டிலில் தொங்கும் காலுறைக்குள் சாக்லேட் இருக்க வேண்டுமென்றால், முந்தைய வாரங்களில் வாயைக் கட்டியிருக்க வேண்டும். ஆரஞ்சு எப்போதாவது வந்தால் முதல் உரிமை குழந்தைகளுக்கு. வாழைப்பழ இறக்குமதியோ 1940இலேயே நின்றுபோனது. போர்க்காலத்தில் பிறந்த பிள்ளைகள் அதைப் படத்தில்தான் பார்த்தார்கள்.

உலோகம் ஆயுதங்களுக்குப் போனதால் 1942 முதல் உலோகப் பொம்மைகள் செய்வது நின்றது. மிச்ச மரத்துண்டுகளில் ரயில்களும் வண்டிகளும், பிரித்த பழைய கம்பளி நூலில் பொம்மைகளும் உருவாயின. பரிசைச் சுற்றத் தாள் கிடைக்காது. நாளிதழ்களை நறுக்கி வண்ணம் பூசி ஒட்டிய காகிதச் சங்கிலிகளே தோரணம். இவற்றைச் செய்ததில் பிள்ளைகளுக்கும் பங்கு இருந்தது. அதனால்தான் அவர்களுடைய நினைவுகளில் பரிசைப் பெற்றதைவிட டிசம்பர் மாதத்து ஆயத்தங்கள் மிகுந்த இடம் பிடிக்கின்றன.

ஓசையிலும் பண்டிகை குறைந்திருந்தது. எதிரி தரையிறங்கினால் மட்டுமே அடிக்க வேண்டும் என்று 1940 ஜூனில் நிறுத்தப்பட்ட தேவாலய மணிகள் இரண்டு கிறிஸ்துமஸ்களில் மௌனமாயிருந்தன. எல் அலமைன் போரில் பெற்ற வெற்றிக்காக 1942 நவம்பரில் ஒலித்தவை, அவ்வாண்டு கிறிஸ்துமஸ் அன்று மீண்டும் ஒலித்தன.

1945இல் போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. போரின்போதுகூடத் தடையின்றிக் கிடைத்த ரொட்டி 1946இல் ரேஷனுக்குள் வந்து இரண்டு ஆண்டுகள் இருந்தது. மிட்டாய் 1953 பிப்ரவரி 5 அன்று விடுபட்டது. இறைச்சி 1954 ஜூலையில். 1940இல் பிறந்த குழந்தை உணவு ரேஷன் இல்லாத முதல் கிறிஸ்துமஸைக் கண்டபோது அதற்கு வயது பதினான்கு.