ஆயாவுக்கு நியூஸ் ஏன் புரியல? சப்வூஃபர் ஓட்டையின் கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் நம்ம கதை ஒரு ஓட்டையைப் பற்றியது.

2.1 ஸ்பீக்கர் செட் வைத்திருப்பவர்கள் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்க. சப்வூஃபர் பெட்டியில் ஒரு வட்ட ஓட்டை இருக்கும், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குப் பெயர் போர்ட். நிறைய பேர் அதை அழகுக்கு வைத்தது என்று நினைக்கிறார்கள். பாஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, கையை அதன் முன்னால் வைத்துப் பாருங்க. காற்று வந்து அடிக்கும். சத்தத்தைக் கூட்டினால் 'புஸ் புஸ்' என்று இரைவது அந்த ஓட்டைதான். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'டொம் டொம்' ஆகக் கேட்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அப்போ அதை ஏன் வெச்சாங்க? அதைச் சொல்ல ஒரு குடத்திலிருந்து தொடங்கணும்.

குடமும் ஹெல்ம்ஹோல்ட்ஸும்

காலிக் குடத்தின் வாயில் உள்ளங்கையால் தட்டினால் 'கும்' என்று ஒரு சத்தம் வரும் இல்லையா? குடத்துக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. கழுத்தில் இருக்கும் காற்று, அந்த ஸ்பிரிங்கில் கட்டிய எடை மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது. வயிறு பெரிதானால் சுருதி இறங்கும். கழுத்து நீளமானாலும் இறங்கும். வாய் அகலமானால் ஏறும். அவ்வளவுதான் கணக்கு.

ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக எழுதினார். அவருடைய பெயர்தான் இந்த அமைப்புக்கும் நிலைத்துவிட்டது. ஆனால் மானாமதுரையில் கடம் செய்பவர்களுக்கும், அதை மடியில் வைத்து வாசிப்பவர்களுக்கும் இது கைப்பழக்கமாகவே தெரியும். கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தி, கொஞ்சம் திறந்து மூடி வாசிக்கும்போது அந்த 'கும்' ஏறி இறங்குவதைக் கேட்டிருப்பீங்க. சப்வூஃபரும் ஒரு கடம்தான். ஒரே வித்தியாசம், அதன் வாயைத் திறந்து மூட அங்கே யாரும் இல்லை. கம்பெனி எந்தச் சுருதியில் வைத்ததோ அதே சுருதிதான்.

1930: பெட்டியில் விழுந்த ஓட்டை

ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும்போது, அதே அளவு காற்றைப் பின்னால் இழுக்கிறது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் நேர் எதிர். இரண்டும் கலந்தால் பாஸ் காணாமல் போய்விடும். அதனால்தான் பெட்டி. ஆனால் பெட்டியை முழுக்க மூடினால் பின்பக்க ஒலி அத்தனையும் வீண்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஆல்பர்ட் துராஸ் 1930-ல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1932-ல் கிடைத்தது. யோசனை இதுதான்: பெட்டியில் குழாய் வைத்த ஒரு ஓட்டை போடு. பெட்டி குடமாக மாறும். குடத்தின் சுருதிக்கு அருகில், பின்பக்க ஒலி திசை மாறி முன்பக்க ஒலியோடு சேர்ந்து வெளியே வரும். சரியாக அந்தச் சுருதியில் கோன் அதிகம் அசையவே அசையாது. வேலையை எல்லாம் குழாயில் இருக்கும் காற்றே செய்யும். ஒரு செலவும் இல்லாமல் கூடுதல் பாஸ்!

1930களின் பின்பாதியில் ஜென்சன் கம்பெனி இதை 'பாஸ் ரிஃப்ளெக்ஸ்' என்ற பெயரில் விற்றது. ஆனால் எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு நீளக் குழாய், எந்த ஸ்பீக்கருக்கு எது என்பதற்கு முழுமையான கணக்கு யாரிடமும் இல்லை. குத்துமதிப்பாகச் செய்தார்கள். சுருதி தப்பிய பெட்டிகள் ஒரே நோட்டில் முழங்கின. வெறும் 'டொம் டொம்' பெட்டி என்ற கெட்ட பெயர் அப்போதே வந்துவிட்டது.

அந்த வெறுப்பில்தான் எதிர்க்கட்சி உருவானது என்று சொல்லலாம். 1954-ல் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கி, ஓட்டையே இல்லாத சிறிய மூடிய பெட்டியை விற்றார்கள். சத்தம் குறைவு, ஆனால் சுத்தம். க்ளாஸோடு அடுத்த கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அன்டன் ஹாஃப்மன் பெயரில் ஒரு விதியே இருக்கிறது: சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த கரண்டில் அதிக சத்தம். மூன்றில் இரண்டுதான் கிடைக்கும்.

சிட்னியில் தூங்கிய கணக்கு

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 1961-ல், ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓட்டை வைத்த பெட்டி, ஸ்பீக்கர் இரண்டையும் சேர்த்து ஒரு எலக்ட்ரிகல் ஃபில்டராகப் பார்க்கலாம் என்றார். அவருக்கு முன்னும் சிலர் முயன்றிருந்தார்கள். ஆனால் இந்த ஸ்பீக்கருக்கு இந்த அளவு பெட்டி, இந்தச் சுருதி என்று அட்டவணையாகவே போட்டுக் கொடுத்தவர் தீல். தேவைப்பட்டால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு ஃபில்டர் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் அந்த அட்டவணையிலேயே இருந்தது.

கட்டுரை வந்தது ஆஸ்திரேலிய இதழில். வெளியே பரவலாகப் படிக்கப்படவில்லை. அமெரிக்க ஆடியோ பொறியாளர் சங்கத்தின் இதழ் 1971-ல் அதை மறுபதிப்பு செய்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பத்து வருஷம்! சிட்னியில் ஆய்வு செய்துகொண்டிருந்த ரிச்சர்ட் ஸ்மால் 1972, 1973-ல் எழுதிய தொடர் கட்டுரைகள் மீதியை நிறைவு செய்தன. இன்றைக்கு எந்த ஸ்பீக்கரின் விவரத் தாளிலும் 'தீல்-ஸ்மால்' எண்கள் இருக்கும்.

அப்படீன்னா நம்ம 2.1 செட் ஏன் இன்னும் 1940கள் மாதிரியே முழங்குது? கணக்கு தெரியாமல் இல்லை. ஹாஃப்மன் விதியில் அவர்கள் விட்டுக்கொடுத்தது ஆழமான பாஸை. பெட்டி சின்னதாக இருக்கணும், கடையில் பட்டனைத் திருப்பியதும் அதிரணும். அதனால் குடத்தின் சுருதியை மேலே ஏற்றி, அங்கே ஒரு மேடு வைத்துவிடுகிறார்கள். கூடவே பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் ரொம்பச் சின்னவை. அவற்றால் முடியாத கீழ்ப்பகுதி முழுக்க சப்வூஃபர் தலையில் விழுகிறது. ஆண் குரலின் அடிச்சுருதி சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ். அதில் ஒரு பங்கும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வருகிறது. குடத்துக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்பது அதனால்தான்.

'புஸ்' எங்கிருந்து?

குழாய் ஒல்லியாக இருந்தால் அதற்குள் காற்று வேகமாக ஓடணும். நொடிக்கு சுமார் 17 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள் என்பது ஸ்பீக்கர் கட்டுபவர்களின் பழைய கணக்கு. அது மணிக்கு 60 கிலோமீட்டர் சொச்சம். பைக்கில் அந்த வேகத்தில் போகும்போது ஹெல்மெட் ஓரத்தில் கேட்கும் இரைச்சலை நினைச்சுக்கோங்க. குழாயின் விளிம்பு கூர்மையாக இருந்தால் காற்று அங்கே சுழன்று உடையும். அதுதான் 'புஸ்'.

சரி, அகலமான குழாய் வைக்கலாமே? 2 இன்ச் குழாயை 3 இன்ச் ஆக்கினால் பரப்பு 2.25 மடங்கு. காற்றின் வேகம் பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் அதே சுருதி வேண்டுமானால் குழாயும் கிட்டத்தட்ட 2.25 மடங்கு நீளமாகணும். சின்னப் பெட்டிக்குள் அதற்கு இடம் இல்லை. மறுபடியும் ஹாஃப்மன்.

பத்துக்குப் பத்து

இப்போ எங்க வீட்டுக்கு வருவோம். கள்ளக்குறிச்சியில் எங்கள் நடு அறை பத்துக்குப் பத்து. சீலிங்கும் பத்தடி. ஆயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், டிவி கேட்கலை என்று யாரோ ஒரு 2.1 செட்டை டிவியோடு இணைத்து, சப்வூஃபரை மூலையில் வைத்திருந்தார்கள். சத்தம் ஏற்ற ஏற்ற ஆயாவுக்கு இன்னும் குறைவாகத்தான் புரிந்தது. இதைவிடப் பெரிய செட் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே இரண்டு விஷயம். முதலாவது அறை. பத்தடி என்பது சுமார் 3.05 மீட்டர். அந்த இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி தங்கி நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு என்பதால் மூன்றும் அதே 56-ல் வந்து குவிகின்றன. கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் பாஸை உறிஞ்சாது. மூலையில் பெட்டியை வைத்தால் இந்த மூன்றையும் முழு பலத்தில் எழுப்பும். பெரிய சப்வூஃபர் வாங்கினாலும் அறை அதேதான், முழங்கும் இடமும் அதேதான்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் திருவிழாவில் மேளம் கேட்டிருக்கீங்களா? நெஞ்சில் அடிக்கும், ஆனால் முழங்காது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். திறந்தவெளியில் ஒலி திரும்பி வரச் சுவர் இல்லை. கூரை வேய்ந்த மண் வீட்டில்கூட நிறைய பாஸ் கூரை வழியே வெளியேறிவிடும்.

இரண்டாவது காது. பலமான தாழ்ந்த ஒலி, அதற்கு மேலே இருக்கும் ஒலிகளை மறைக்கும். பேச்சு புரிய முக்கியமானவை க, ச, த, ப மாதிரி மெய்யெழுத்துகள். அவற்றின் பலம் மேலே 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். வயதானால் காது முதலில் இழப்பதும் மேல் பகுதியைத்தான். பிரேக்கிங் நியூஸுக்குப் பின்னால் போடும் அந்த 'டொம் டொம்' இசை, மிச்சம் இருந்ததையும் மூடிவிட்டது.

என்ன செய்தோம்

பொங்கல் லீவில் செய்தது இது. நீங்களும் இதே வரிசையில் செய்யலாம்.

முதலில் சோதனை. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, 30-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்க. எந்த எண்ணில் அறை திடீரென்று முழங்குகிறது என்று குறிச்சுக்கோங்க. இரைச்சல் ஓட்டையில் வருகிறதா, அல்லது தளர்ந்த ஸ்க்ரூ, உள்ளே ஆடும் வயர் தரும் 'கிர்ர்' சத்தமா என்று பிரித்துப் பாருங்க. ஸ்க்ரூ என்றால் முறுக்கினால் போதும்.

அடுத்து, பெட்டியை மூலையிலிருந்து நகர்த்துங்க. பாஸ் பட்டனைக் குறைங்க. பாதிப் பிரச்சினை இங்கேயே போகும்.

மூன்றாவது, ஒரு காலுறையைச் சுருட்டி ஓட்டையில் செருகுங்க, உள்ளே விழாத மாதிரி. குடம் மூடிய பெட்டியாக மாறும், துராஸ் போய் வில்ச்சர் வருவார். 'புஸ்' நின்றுவிடும், மேடும் தணியும். பாஸ் குறையும், அதுதான் விலை. சத்தத்தை ரொம்ப ஏற்றாதீங்க, இப்போ கோனுக்கு வேலை கூடியிருக்கிறது. நிறைய செட்டில் ஆம்ப்ளிஃபயர் அதே பெட்டிக்குள் இருக்கும். அதனால் பெட்டி முழுக்கப் பஞ்சு அடைக்காதீங்க, சூடாகிவிடும். பெட்டியைத் திறப்பதாக இருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறங்க.

ஓட்டை திறந்தே இருக்கணும் என்பவர்கள், குழாயின் வெளி விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து உருண்டையாக்கலாம். மரப்பெட்டியிலேயே வெட்டிய ஓட்டை என்றால் தச்சர் யாரிடமாவது கொடுங்க. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர் எங்க ஊர், விளிம்பை உருட்டுவது அங்கே பெரிய வேலையே இல்லை.

கம்ப்யூட்டரில் கேட்பவர்களுக்கு நாலாவது வழி: ஈக்வலைசர். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, லினக்ஸில் ஈஸி எஃபெக்ட்ஸ், இரண்டும் இலவசம். நீங்கள் குறித்த எண்ணில் ஒரு குறுகிய வெட்டு. போர்ட்டின் சுருதிக்குக் கீழே எல்லாவற்றையும் அடைக்க ஒரு ஃபில்டர். அங்கே பெட்டியால் எதையும் உருப்படியாகத் தர முடியாது, கோன் வீணாக அடித்துக்கொள்ளும். 1961-ல் தீல் அட்டவணையில் ஃபில்டர் சேர்த்தாரே, அதன் வாரிசுதான் இது. அன்று சர்க்யூட், இன்று நாலு வரி டெக்ஸ்ட்.

எங்கள் வீட்டில் மூலையிலிருந்து நகர்த்தியதும் காலுறையுமே போதுமானதாக இருந்தது. "நியூஸ் வாசிக்கிற பொண்ணு இன்னிக்குத்தான் ஒழுங்கா பேசுறா" என்றார் ஆயா. பெரிய செட் பேச்சு அதோடு நின்றது.

ஹாஃப்மன் விதியை யாரும் ஜெயிக்கவில்லை மக்களே. க்ளாஸ் கடைசிக் காலத்தில் கேம்பிரிட்ஜ் சவுண்ட்வொர்க்ஸ் என்ற கம்பெனிக்காக கம்ப்யூட்டர் ஸ்பீக்கரும் வடிவமைத்தார். அவருக்கும் அதே மூன்றில் இரண்டுதான் கிடைத்தது. அடுத்த தடவை பாஸ் சரியில்லை என்று ஆன்லைன் கார்ட்டைத் திறக்கும் முன், அறையை அளங்க, டோனைப் போட்டுக் கேளுங்க. உங்க அறை எந்த எண்ணில் முழங்குகிறது என்று எங்களுக்கு அனுப்புங்க, அறையின் நீள அகலத்தோடு. அடுத்த எபிசோடில் கணக்கும் காதும் ஒத்துப்போகிறதா பார்ப்போம்.