போக்குவரத்துத் திட்டமிடலில் பொதுச் சுகாதாரம்: லண்டன் தரும் சான்று

ஒரு சாலைத் திட்டத்தின் பயனை மதிப்பிடுகையில், பயண நேரம் எவ்வளவு மிச்சமாகும் என்பதே நெடுங்காலமாக முதன்மை அளவுகோலாக இருந்துவந்தது. விபத்துகள் நீங்கலாக, உடல்நலத்துக்கு அந்தக் கணக்கில் பெரிய இடமில்லை. புகை, இரைச்சல், நடை குறைவது ஆகியவற்றால் வரும் நோய்களின் செலவு மருத்துவத் துறையின் தலையில் விழுந்தது. திட்டத்தின் இலக்கிலேயே உடல்நலம் எழுதப்பட்டால்தான் இந்நிலை மாறும் என்பதற்கு லண்டன் சான்றாகிறது.

உடலியக்கத்துக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய முன்னோடி ஆய்வும் அந்நகரிலேயே பிறந்தது. மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸின் குழு 1953இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, இரண்டடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டது. உட்கார்ந்தே வேலைபார்த்த ஓட்டுநர்களைவிட, நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கிய நடத்துநர்களிடம் மாரடைப்பு போன்ற இதயத் தமனி நோய்கள் குறைவாகக் காணப்பட்டன. ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு பெரிதாக இருந்ததை அதே குழு 1956இல் சுட்டியது. அவர்கள் தொடக்கத்திலேயே பருமனாக இருந்திருக்கலாம் என்பதால், வேறுபாடு முழுவதற்கும் வேலையே காரணம் எனக் கொள்ள முடியாது. ஆயினும் அன்றாட உடலியக்கம் இதயத்தைக் காக்கும் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் உறுதிசெய்தன.

இவ்வறிவு திட்டமிடலுக்குள் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. லண்டன் போக்குவரத்துக் கழகம் 2014இல் தனக்கென ஒரு சுகாதாரச் செயல்திட்டத்தை வெளியிட்டது. மேயரின் 2018ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் கொள்கை ‘நலமான தெருக்கள்’ என்னும் அணுகுமுறையை மையமாக்கியது. 2041க்குள் 80 விழுக்காட்டுப் பயணங்கள் நடை, மிதிவண்டி, பொதுப் போக்குவரத்து வழியே நடக்க வேண்டும், ஒவ்வொருவரும் நாள்தோறும் 20 நிமிடமேனும் நடக்கவோ மிதிவண்டி ஓட்டவோ வேண்டும் என்பவை அதன் இலக்குகள்.

இந்த அணுகுமுறையில் தெருவை மதிப்பிடப் பத்துக் குறியீடுகள் உள்ளன. தூய காற்று, இரைச்சல் குறைவு, எளிதாகச் சாலையைக் கடக்க முடிவது ஆகியவற்றோடு நிழலும் இளைப்பாறும் இடமும் அவற்றில் அடங்கும். வழியில் உட்கார இருக்கை இல்லையென்றால், முழங்கால் வலியுள்ள முதியவர் பேருந்து நிறுத்தம்வரை நடக்கத் தயங்குவார். வாகன வேகத்தை மட்டும் அளக்கும் கணக்கில் இந்த இழப்பு பதிவாகாது.

இலக்குகளுக்கு ஒழுங்குமுறைகளும் துணைநின்றன. 2019 ஏப்ரலில் நகர மையத்தில் தொடங்கிய மிகக் குறை உமிழ்வு மண்டலம், 2023 ஆகஸ்டில் மாநகர் முழுவதும் விரிவானது. அதற்குள் பழைய டீசல் காரை ஓட்டுவோர் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு செலுத்த வேண்டியதாயிற்று. பேருந்து வசதி குறைந்த புறநகர்களில் எதிர்ப்பு வலுத்தது. அது புறந்தள்ளத்தக்கதன்று: மாற்று வழி இல்லாதவரிடம் வாங்கும் கட்டணம் சுமையை ஏழைகள்மேல் ஏற்றிவிடக்கூடும். பழைய வாகனங்களைக் கைவிட உதவித்தொகை வழங்கப்பட்டது இதை ஓரளவு ஈடுசெய்தது.

ஆகவே மூன்று நிபந்தனைகள் பெறப்படுகின்றன: உடல்நலப் பயன் திட்ட மதிப்பீட்டிலேயே கணக்கிடப்பட வேண்டும், தெருவின் தரம் அளக்கத்தக்க குறியீடுகளால் சோதிக்கப்பட வேண்டும், கட்டுப்பாட்டுக்கு முன்பே மாற்றுப் போக்குவரத்து கிடைக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை விடுபட்டால், முதலிரண்டும் பொதுமக்களின் ஆதரவை இழக்கும்.