அகச்சிவப்புத் தொலையியக்கி நீட்டிப்பான்

அகச்சிவப்புத் தொலையியக்கி நீட்டிப்பான் என்பது, ரிமோட் எனப் பேச்சு வழக்கில் கூறப்படும் தொலையியக்கியிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்பு ஒளிக் குறிகையை ஓரிடத்தில் வாங்கி, கம்பி வழியாகவோ வானலை வழியாகவோ மற்றோரிடத்திற்குக் கடத்தி, அங்கு மீண்டும் அகச்சிவப்பு ஒளியாகவே வெளியிடும் மின்னணுக் கருவி ஆகும். கதவு மூடிய ஷோகேசினுள்ளோ பக்கத்து அறையிலோ இருக்கும் செட் டாப் பெட்டி, டிவிடி இயக்கி, ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றை இருந்த இடத்திலிருந்தே இயக்க இது உதவுகிறது. கடைகளில் இதனை ரிமோட் எக்ஸ்டெண்டர் என்று கேட்டுப் பெறலாம்.

பின்னணி

தொடக்ககாலக் கம்பியில்லாத் தொலையியக்கிகள் பல ஒலியைப் பயன்படுத்தின. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செனித் நிறுவனம் வெளியிட்ட, ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த தொலையியக்கி, மீயொலி அலைகளால் இயங்கியது. 1980-களில் அகச்சிவப்பு முறை பரவலானது. இன்றைய தொலையியக்கிகளில் பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி பயன்படுகிறது. இது மனிதக் கண்ணுக்குப் புலப்படாது.

ஒளி என்பதால் இது சுவரைக் கடப்பதில்லை. இதைக் குறை என்று மட்டும் கூற இயலாது. அடுக்ககங்களில் ஒரு வீட்டார் தடம் மாற்றும்போது அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியிலும் தடம் மாறாமல் இருப்பது இப்பண்பினாலேயே. ஆயினும் கருவி ஓர் அறையிலும் பார்ப்பவர் வேறோர் அறையிலும் இருக்கும்போது இதுவே தடையாகிறது.

சென்னையில் இதன் தேவை

இந்தியாவில் நிபந்தனை அணுகல் முறை முதன்முதலில் நடைமுறைக்கு வந்த நகரம் சென்னை ஆகும். 2003 செப்டம்பர் 1 முதல் இங்கு கட்டணத் தடங்களைச் செட் டாப் பெட்டி வழியாக மட்டுமே காண முடிந்தது. கட்டணமில்லாத் தடங்களுக்குப் பெட்டி தேவைப்படவில்லை. பின்னர் கம்பிவடத் தொலைக்காட்சியை முழுவதும் எண்ணிம முறைக்கு மாற்ற நான்கு பெருநகரங்களுக்கும் 2012 அக்டோபர் 31 கெடுவாக விதிக்கப்பட்டது. சென்னையில் வழக்குகளால் அது தள்ளிப்போனது.

பெட்டி வந்ததும் வீடுகளில் ஒரு புதிய சிக்கல் தோன்றியது. அதற்கு முன் ஒரே கம்பிவடத்தைப் பிரித்து இரு தொலைக்காட்சிகளுக்குக் கொடுத்தால் இரண்டிலும் வெவ்வேறு தடங்களைக் காண முடிந்தது. பெட்டி முறையில் தொலைக்காட்சி ஒன்றுக்குப் பெட்டி ஒன்று தேவை. இரண்டாவது பெட்டிக்குச் செலவிட விரும்பாதோர், கூடத்துப் பெட்டியின் வெளியீட்டைப் படுக்கையறைத் தொலைக்காட்சிக்கும் இழுக்கலாம். ஆனால் தடம் மாற்றக் கூடத்திற்கு நடக்க வேண்டும். அந்த நடையைத் தவிர்ப்பதே நீட்டிப்பானின் பணி. இரு தொலைக்காட்சிகளிலும் ஒரே தடம்தான் தெரியும் என்பதையும், எதைப் பார்ப்பது என்ற வீட்டுப் பூசலுக்கு இக்கருவியில் தீர்வில்லை என்பதையும் வாங்குமுன் கருத்திற் கொள்ள வேண்டும்.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் ஒன்பது அங்குலத்திற்கும் மேற்பட்ட செங்கற்சுவர்கள் இருப்பதால் துளையிட்டுக் கம்பி கொண்டுசெல்வது கடினம். தியாகராய நகர், அடையாறு அடுக்ககங்களில் உட்சுவர்கள் பெரும்பாலும் மெல்லியவை. ஆயினும் கற்காரைத் தூண்களிலும் உத்திரங்களிலும் துளையிடலாகாது. உதிரிபாகங்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் கிடைக்கின்றன.

செயற்படும் முறை

தொலையியக்கியின் ஒளி தொடர்ந்து எரிவதில்லை. அது நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது. இதுவே சுமப்பி அலை. இத்துடிப்புகளைக் குறிப்பிட்ட கால அளவில் தொடங்கியும் நிறுத்தியும் ஆணை எழுதப்படுகிறது. சூரிய ஒளியும் பெரும்பாலான விளக்கொளியும் இந்த வேகத்தில் துடிப்பதில்லை என்பதால் அவற்றிலிருந்து ஆணையைப் பிரித்தறிய முடிகிறது. குறியீட்டு முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எடுத்துக்காட்டாக, என்இசி முறை 38 கிலோஹெர்ட்ஸ் சுமப்பியில் 9 மில்லிநொடித் தொடக்கத் துடிப்புடன் 32 பிட்டுகளை அனுப்புகிறது. பிலிப்ஸின் ஆர்சி-5 முறை 36 கிலோஹெர்ட்ஸில் 14 பிட்டுகளையும், சோனியின் முறை 40 கிலோஹெர்ட்ஸில் 12, 15 அல்லது 20 பிட்டுகளையும் பயன்படுத்துகின்றன.

நீட்டிப்பானுக்கு இக்குறியீடுகளுள் எதுவும் புரியாது. புரியத் தேவையும் இல்லை. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது மட்டுமே அதன் வேலை. எந்த நிறுவனக் கருவிக்கும் ஒரே நீட்டிப்பான் பொருந்துவதும், பின்னர் கூறப்படும் கோளாறுகள் எழுவதும் இந்த ஒரே காரணத்தினால்தான்.

எளிய மின்சுற்று ஒன்றில், டிஎஸ்ஓபி 1738 போன்ற மூன்று கால் ஏற்பி ஒளியை வாங்கிச் சுமப்பியை நீக்கிவிடுகிறது. (இவ்வகை ஏற்பி இந்தியப் பொறியியல் மாணவர் செயல்திட்டங்களில் மிகப் பழக்கமானது. இன்று அதன் பின்வந்த டிஎஸ்ஓபி 1838 போன்றவை பயன்படுகின்றன.) ஒளி வரும்போது இதன் வெளியீடு தாழ்நிலைக்குச் செல்வதால், பிசி 547 திரிதடையம் ஒன்றினால் அதனைத் தலைகீழாக்கி 555 நேரச்சுற்றின் நான்காம் காலுக்குக் கொடுப்பர். 555 சுற்று நீக்கப்பட்ட சுமப்பியை மீண்டும் உருவாக்குகிறது. 1 கிலோஓம், 18 கிலோஓம் தடையங்களும் 1 நானோஃபாரட் மின்தேக்கியும் சேர்த்தால் ஏறத்தாழ 38.9 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். பெரிய தடையத்தின் ஒரு பகுதியாக மாறுதடையம் ஒன்றைப் பொருத்தி இதனைத் திருத்திக்கொள்ளலாம். இவ்வலை மற்றொரு திரிதடையத்தின் வழியே அகச்சிவப்பு எல்இடியை இயக்குகிறது.

36 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரையான கருவிகள் இச்சுற்றுக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். தொலைவு மட்டும் சற்றுக் குறையலாம். பேங் அண்ட் ஒலுஃப்சன் ஒலிக்கருவிகள் 455 கிலோஹெர்ட்ஸ் சுமப்பியைக் கையாள்வதால் அவற்றுக்குத் தனி ஏற்பி தேவை.

நிறுவுதல்

ஏற்பி பார்ப்பவர் அமரும் இடத்தை நோக்கியும், சன்னல் வெயில் நேரே படாமலும் இருக்க வேண்டும். உமிழி எல்இடியைக் கருவியின் முன்புறத்தில் அகச்சிவப்புச் சாளரத்தின் மேல் ஒட்ட வேண்டும். கருநிற நெகிழிக்குப் பின்னால் மறைந்திருக்கும் இச்சாளரத்தைக் கைவிளக்கு அடித்துப் பார்த்தால் கண்டறியலாம். உமிழி எரிகிறதா என்பதைக் கைப்பேசிப் படக்கருவி காட்டும். பின்புறப் படக்கருவியில் அகச்சிவப்பு வடிகட்டி இருந்தால் முன்புறப் படக்கருவியில் பார்க்கலாம்.

கம்பியை 230 வோல்ட் மின்கம்பி செல்லும் குழாயிலேயே இழுப்பது தவறு. இடையூறு ஏற்படும் என்பதோடு காப்புறை பழுதானால் உயிருக்கே ஆபத்தாகும். அடையாறு, பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றினால் செருகிகள் அரிக்கப்படுவதால், இணைப்புகளைப் பற்றவைத்து மூடுவது நல்லது.

கோளாறுகள்

மிகப் பொதுவான கோளாறு பின்னூட்டம். உமிழியின் ஒளி சுவரிலோ கண்ணாடிக் கதவிலோ பட்டுத் திரும்பி ஏற்பியை அடைந்தால், நீட்டிப்பான் தன் குரலையே கேட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கும். உமிழியைக் கருப்பு நாடாவால் மூடினால் இது நின்றுவிடும்.

அடுத்தது விளக்கு. செம்புக் கம்பிச் சோக்கு உள்ள குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மட்டுமே துடிப்பதால் தொல்லை தருவதில்லை. எலக்ட்ரானிக் சோக்கும் சிஎஃப்எல் விளக்கும் பல்லாயிரம் ஹெர்ட்ஸில், அதாவது சுமப்பிக்கு அருகிலேயே இயங்குகின்றன. பகலில் நன்றாக வேலை செய்யும் நீட்டிப்பான் மாலையில் விளக்கேற்றியதும் முடங்கினால் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும். ஏற்பியை விளக்கிலிருந்து திருப்பி வைப்பது ஏற்பியை மாற்றுவதை விடப் பலனளிக்கும்.

433.92 மெகாஹெர்ட்ஸ் வானலை நீட்டிப்பான்களில் பிற கருவிகளின் அலையும் உள்ளே புகும். அந்த இரைச்சலையும் நீட்டிப்பான் ஒளியாக்கிப் பெட்டியின் மீது பாய்ச்சுவதால், பெட்டிக்கு நேரே நின்று அழுத்தும் தொலையியக்கிகூட வேலை செய்யாமற் போகலாம். இரு நீட்டிப்பான்களைத் தொடராக இணைப்பதும் உகந்ததன்று. ஒவ்வொரு கட்டத்திலும் துடிப்பின் நீளம் சிறிது மாறுவதால் பிழை கூடிக்கொண்டே செல்லும்.

தொடர்புடைய கருவிகள்

எச்டிஎம்ஐ நீட்டிப்பான்கள் பலவற்றில் படத்தைக் கொண்டுசெல்லும் அதே வலையமைப்புக் கம்பியில் அகச்சிவப்புக் குறிகை எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. வைஃபை வழி இயங்கும் அகச்சிவப்புக் கருவிகள் ஆணைகளை நினைவகத்தில் வைத்திருந்து அனுப்புவதால் அவை நீட்டிப்பான்கள் அல்ல. ஓடைவழிக் கருவிகள் பலவற்றின் தொலையியக்கிகள் புளூடூத்தில் இயங்குகின்றன. அவற்றுக்கு அகச்சிவப்பு நீட்டிப்பான் பயன்படாது.