ரம் ஆஸ்பத்திரியின் இரண்டு டாக்டர்கள்

டிவி டாக்டர்களில் உனக்குப் பிடித்தவர் யார் என்று நம் வாலிபர்களைக் கேட்டால், ஒழுங்காக வேலை செய்து ஒழுங்காக வீட்டுக்குப் போகும் டாக்டரின் பெயரை யாரும் சொல்வதில்லை. கிரெகரி ஹவுஸ் என்றுதான் பதில் வரும். 2004 முதல் 2012 வரை ஓடிய அந்தத் தொடரின் நாயகன் வலி மாத்திரைக்கு அடிமை. நோயாளியை அவமானப்படுத்துவார், மேலதிகாரியிடம் பொய் சொல்வார். ஆனால் வேறு யாருக்கும் பிடிபடாத நோய் அவருக்குப் பிடிபட்டுவிடும். அவருடைய குழுவில் டாக்டர் சேஸாக வந்த ஜெஸ்ஸி ஸ்பென்சர் மெல்பர்ன்காரர். அவரே அதற்கு முன்பு 'நெய்பர்ஸ்' தொடரில் டாக்டர் கார்ல் கென்னடியின் மகனாக நடித்தவர். அந்தக் கார்லும் அதே ரகம்தான். தெருவுக்கே வைத்தியர், கலகலப்பானவர், மனைவிக்குத் துரோகம் செய்தவர். பார்த்தவர்கள் அவரையும் மன்னித்துவிட்டார்கள்.

மன்னிப்பது சுலபம். அவர்கள் செய்யும் தவற்றால் யார் சாக வேண்டும், யார் பிழைக்க வேண்டும் என்பது கதை எழுதுகிறவரின் கையில் இருக்கிறது. கதாசிரியர் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட டாக்டர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சிட்னியில் மேற்குப் பாதை ரயிலில் ஏறுகிறவர்கள் இரண்டு பேரின் பெயரையும் ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். ஒன்று ரெட்ஃபெர்ன். மற்றது நம் குடும்பங்கள் நிறைய வாழும் வென்ட்வொர்த்வில்.

முதலில் டார்சி வென்ட்வொர்த். 1762இல் அயர்லாந்தில் பிறந்தவர். உயரமானவர், அழகர், பழக இனியவர். பெரிய பிரபுக் குடும்பத்துக்குத் தூரத்து உறவு. ஆனால் கையில் காசில்லை. வைத்தியம் படிக்க லண்டனுக்குப் போனவர் பணக்காரப் பிள்ளைகளைப் போலச் செலவழித்தார். 1787இல் வழிப்பறிக் குற்றச்சாட்டில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார், குற்றம் நிரூபிக்கப்படவில்லை. 1789இல் மறுபடியும் அதே கூண்டு, அதே குற்றச்சாட்டு, மறுபடியும் விடுதலை. இந்த முறை அவர் பாட்டனி பேக்குப் போக ஏற்பாடாகிவிட்டது என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. தண்டனை பெற்று வந்த கைதி அல்ல அவர். ஆனாலும் ஏன் கப்பல் ஏறினார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர் வந்த கப்பல் நெப்டியூன். 1790 ஜூனில் சிட்னி வந்த இரண்டாம் கப்பல் கூட்டத்திலேயே மிக மோசமானது அது. ஏறத்தாழ 500 கைதிகளில் 150க்கும் மேற்பட்டோர் வழியிலேயே இறந்தார்கள். அதே கப்பலில் வந்த கேத்தரின் குரோலி என்ற கைதிப் பெண்ணோடு வென்ட்வொர்த் வாழத் தொடங்கினார். திருமணம் இல்லை. பிறந்த மகனைத் தன் பிள்ளை என்று மறைக்காமல் ஏற்றுக்கொண்டு வளர்த்தார். அந்த மகன்தான் 1813இல் பிளாக்ஸ்லாண்ட், லாசன் ஆகியோரோடு நீல மலைகளைக் கடந்த வில்லியம் சார்ல்ஸ் வென்ட்வொர்த்.

ஆளுநர் மக்குவாரி 1810இல் பதவி ஏற்றபோது டார்சி வென்ட்வொர்த்தே குடியேற்றத்தின் தலைமை டாக்டர். அதோடு போலீஸ் தலைமை, மாஜிஸ்திரேட் பதவி என்று பொறுப்புகள் குவிந்தன. ஆளுநருக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். லண்டன் பணம் தராது. அப்போது வந்ததுதான் அந்தப் பேரம். பிளாக்ஸெல், ரைலி என்ற இரண்டு வியாபாரிகளும் வென்ட்வொர்த்தும் ஆஸ்பத்திரியைக் கட்டித்தருவார்கள். பதிலுக்கு ரம் சாராயத்தை இறக்குமதி செய்யும் உரிமை அவர்களுக்கு மட்டும். முதலில் 45,000 கேலன், பிறகு 60,000 கேலன். ஊரைக் குடிகாரர்களாக்கிக் கிடைத்த பணத்தில் ஊருக்கு ஆஸ்பத்திரி! தலைமை டாக்டரே ஒப்பந்தக்காரர். வேலை சரியாக நடந்ததா என்று கேட்க வேண்டியவரும் ஏறக்குறைய அவரே. இதில் மக்குவாரிக்கும் பங்கு உண்டு. நல்ல காரியத்துக்குத்தானே என்று கண்ணை மூடிக்கொள்வது நல்லவர்கள்தான் அதிகம் செய்யும் தவறு என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1816இல் ஆஸ்பத்திரி திறந்தது. கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வே (அவரும் கைதியாக வந்தவர்தான்) சோதித்துப் பார்த்து, கட்டுமானத்தில் பல குறைகளை எடுத்துக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் தூண்களும் தாழ்வாரமுமாக அழகு. உள்ளே நோயாளிகள் படுத்த அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டார்கள். இரவில் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிட்னியின் கசாப்புக்கடை என்றுகூட அதற்குப் பெயர் வந்தது. வென்ட்வொர்த் கொடியவர் அல்ல. அன்பானவர் என்றே பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய இனிய சுபாவம் அந்தப் பூட்டிய அறைக்குள் போகவில்லை.

இன்னொரு விலையும் இருந்தது. மகன் வில்லியம் லண்டனில் சட்டம் படிக்கப் போனார். தன் குடும்பம் உயர்ந்த குடும்பம் என்ற பெருமையோடு இருந்தவர். 1819இல் பென்னெட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு நூல் வெளியிட்டார். அதில், வழிப்பறிக்காக நாடுகடத்தப்பட்டவர் என்று டார்சியின் பெயர் இருந்தது. மகன் கொதித்துப் போய் அவரிடம் நேரில் போனார். விசாரித்துப் பார்த்தால், தண்டிக்கப்பட்டார் என்பது பொய். கூண்டில் நின்றார் என்பது உண்மை. அந்த உண்மையை வளர்ந்த பிள்ளை அந்நியர் எழுதிய புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பென்னெட் தவற்றைத் திருத்திக்கொண்டார். வீட்டில் பேசாமல் வைத்த விஷயம் பிள்ளைகளிடம் எந்த வழியாகப் போய்ச் சேரும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியாததல்ல.

அதே ஆஸ்பத்திரியில் வென்ட்வொர்த்துக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் வில்லியம் ரெட்ஃபெர்ன். இவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். ஹவுஸைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இவரைச் சட்டென்று புரியும். இளம் வயதில் கடற்படையில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். 1797இல் நோர் என்ற இடத்தில் மாலுமிகள் கலகம் செய்தபோது, இன்னும் ஒற்றுமையாக நில்லுங்கள் என்று அவர்களிடம் சொன்னாராம். அந்த வார்த்தைக்கு மரண தண்டனை விதித்தார்கள். இளைஞர் என்பதால் உயிர் தப்பியது. நான்கு வருடம் சிறை. பிறகு 1801இல் கைதிக் கப்பலில் சிட்னி. 1803இல் ஆளுநரின் மன்னிப்பு கிடைத்தது.

1808இல் சிட்னியில் வேலை கொடுக்கும்போது அவரிடம் சான்றிதழ் இல்லை. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து அவரைப் பரீட்சித்துத் தேறியவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்த நாட்டில் நடந்த முதல் மருத்துவப் பரீட்சை அதுதான். ஊரில் பிரசவத்துக்கு அவரைத்தான் தேடினார்கள். 1814இல் ஆளுநரின் மகன் பிறந்தபோதும் அவரையே அழைத்தார்கள். புனித பிலிப்பு ஆலயத்தின் குருவானவர் வில்லியம் கூப்பர், தம் மகன் ஹென்றியை வைத்தியம் கற்க அவரிடமே விட்டார். முன்னாள் கைதியிடம் குருவானவர் தன் பிள்ளையை ஒப்படைத்தது அந்த நாளில் சிறிய காரியம் அல்ல.

அவர் செய்த பெரிய வேலை ஓர் அறிக்கை. 1814இல் ஜெனரல் ஹெவிட், த்ரீ பீஸ், சரே என்ற மூன்று கைதிக் கப்பல்கள் சாவும் காய்ச்சலுமாக வந்து சேர்ந்தன. ஏன் இத்தனை பேர் செத்தார்கள் என்று எழுதச் சொன்னார் மக்குவாரி. காற்றில்லை, உடை போதாது, கீழ்த்தளம் சுத்தமாக்கப்படவில்லை, கைதிகளை மேல்தளத்துக்கு விடவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதினார் ரெட்ஃபெர்ன். எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பல் தலைவனுக்குப் பயந்து வாய் மூடி இருக்கும் டாக்டரால் பயனில்லை. அதிகாரமுள்ள கடற்படை டாக்டர் ஒவ்வொரு கைதிக் கப்பலிலும் வேண்டும் என்றார். அது நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு கடலில் சாவு வெகுவாகக் குறைந்தது. கைதிக் கப்பலில் தாமே கைதியாக வந்தவர் எழுதியதால்தான் அந்த அறிக்கைக்கு அத்தனை கூர்மை என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் பழைய கைதி என்பதை ஊர் மறக்கவில்லை. பரமட்டா குருவானவர் சாமுவேல் மார்ஸ்டன், முன்னாள் கைதிகளோடு ஒரே குழுவில் உட்கார மாட்டேன் என்று 1810லேயே மக்குவாரியிடம் மறுத்தவர். அவர்களுடைய வாழ்க்கை ஒழுக்கமற்றது என்பது அவர் சொன்ன காரணம். அதை முழுக்கப் பொய் என்று தள்ளவும் முடியாது. ஆனால் கைதிகளைச் சவுக்கால் அடிக்கத் தீர்ப்பளித்த மாஜிஸ்திரேட்டும் அதே மார்ஸ்டன்தான். வென்ட்வொர்த் விலகியபோது தலைமைப் பதவி ரெட்ஃபெர்னுக்கு வரவில்லை. இங்கிலாந்திலிருந்து வேறொருவரை நியமித்தார்கள். மக்குவாரி ஆறுதலாக அவரை மாஜிஸ்திரேட் ஆக்கினார். விசாரணைக்கு வந்த ஆணையர் பிக் கடுமையாக எதிர்த்தார், லண்டன் அந்த நியமனத்தையும் ரத்து செய்தது. பிக்கிடம் ரெட்ஃபெர்ன் கொஞ்சம் பணிவாகப் பேசியிருக்கலாம். அது அவருக்கு வராது.

ஆளுநர் தந்த மன்னிப்பு சட்டப்படி செல்லுமா என்ற கேள்வியே அப்போது நீதிமன்றத்தில் எழுந்திருந்தது. செல்லாது என்றால் சொத்து வைத்துக்கொள்ளவோ வழக்குப் போடவோ அவர்களுக்கு உரிமை இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் கைதிகள் கையெழுத்திட்ட மனுவோடு 1821இல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார் ரெட்ஃபெர்ன். கூடப் போனவர் எட்வர்ட் ஈகர். கள்ளக் கையெழுத்துக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்று, அயர்லாந்துச் சிறையில் மனந்திரும்பி, சிட்னியில் மெதடிஸ்ட் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1823இல் வந்த சட்டம் ஆளுநர்களின் மன்னிப்புகளை உறுதிப்படுத்தியது.

ரெட்ஃபெர்ன் 1833இல் எடின்பரோவில் இறந்தார். வென்ட்வொர்த் 1827இல் ஹோம்புஷில் இறந்தார். பரமட்டாவில் புனித யோவான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பதினொரு வருடம் கழித்து மார்ஸ்டனையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். பரமட்டா ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்ப் பார்க்கலாம். ரம் ஆஸ்பத்திரியின் இரண்டு பக்கக் கட்டடங்களும் மக்குவாரி வீதியில் இன்னும் நிற்கின்றன. தலைமை டாக்டர் குடியிருக்கக் கட்டிய பகுதியில் இன்று மாநிலப் பாராளுமன்றம் கூடுகிறது.