மேடை விளிம்பின் வரலாறு

இருபரிமாண வீடியோ விளையாட்டில் பாத்திரம் தாவி நிற்கும் மேடையின் விளிம்பை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவ்விளிம்பு வளைந்து மென்மையான கதையைப் பின்தொடர்ந்தால், கண் காணும் நிலமும் கால் ஊன்றும் நிலமும் வெவ்வேறாகிப்போன வரலாறு நமக்குக் கிடைக்கிறது.

1985-இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. 8 பிக்சல் நீளமும் 8 பிக்சல் அகலமும் கொண்ட ஓடுகளைப் பதித்து எழுப்பிய உலகம் அது. பின்னணிக்கு 256 ஓடுகள். 16க்கு 16 பிக்சல் பரப்பொன்றில் நான்கே நிறங்கள். மேகமும் புதரும் ஒரே வடிவந்தான்; வெள்ளையாயின் மேகம், பச்சையாயின் புதர். இத்தகைய சிக்கனத்தில், விளிம்பின் பற்களை மறைக்கும் இடைநிறங்களைத் தாராளமாகச் செலவிட இயலாது. அக்காலத் தொலைக்காட்சித் திரையின் மங்கலே அக்கடுமையைச் சற்றுத் தணித்தது. எனினும், அங்கே கண்ட சதுரமே பெரும்பாலும் காலுக்கும் தரை.

1991-இல் செகாவின் ‘சோனிக்’ குன்றும் சரிவுமாக வந்தது. ஓவியம் வளைந்தால் போதாது. ஓடும் காலும் அவ்வளைவை அறிய வேண்டும். ஆகவே 16 பிக்சல் அகலமுள்ள ஓட்டின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் தரை எவ்வளவு உயரம் என்பதை 16 எண்களாகவும், சாய்வை ஒரு கோணமாகவும் குறித்து வைத்தனர். படத்தின் அடியில், எண்களாலான இன்னொரு நிலம் மறைந்திருந்தது.

பின்னர் நினைவகம் பெருகிற்று. ஒரு பிக்சல் எவ்வளவு ஒளிபுகக்கூடியது என்பதை 256 படிகளில் குறிக்க முடிந்தது. விளிம்பிலுள்ள பிக்சல் பாதி புல்லாகவும் பாதி வானாகவும் கலந்து நின்றது. 2008-இல் வெளியான ‘பிரெய்ட்’ விளையாட்டில் டேவிட் ஹெல்மனின் தூரிகை, மேடைகளை ஓவியமாகவே ஆக்கியது. 2011-இல் வந்த ‘ரேமன் ஆரிஜின்ஸ்’ விளையாட்டின் கருவியில், கலைஞர் ஒரு கோட்டை வளைத்தால் புல்லும் மண்ணும் அதன்வழியே படர்ந்தன.

இச்சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. விளிம்புக்கு வெளியே நீளும் இலைநுனி நிற்கக்கூடிய இடமா, வெறும் அலங்காரமா? நம்பிக் குதித்தவன் கீழே விழுந்தால், ஓவியம் அவனை ஏமாற்றிவிட்டது என்றே பொருள். எனவேதான் தேர்ந்த கலைஞர்கள் மேடையின் மேற்பரப்பை மட்டும் தெளிந்த ஒளிக்கோடாக விட்டுவைத்து, மற்ற பக்கங்களில் கையை இஷ்டம்போல் அலையவிடுகிறார்கள். அந்த ஒற்றைக் கோட்டில், பழைய சதுரத்தின் நேர்மை இன்னும் உயிரோடிருப்பதாகவே நமக்குப் படுகிறது.