நல்லெண்ணெயில் வந்த முடக்கம்: தோட்டம் மறந்த ஒரு வரலாறு



இரண்டு மாதமாக என் மனைவிக்குக் கால்களில் பலமில்லை. படி ஏறச் சுவரைப் பிடிக்கிறார். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறது. இரத்தம் எல்லாம் சோதித்தாயிற்று, காரணம் தெரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களில் ஒருவர் கண்ணூறு என்கிறார், இன்னொருவர் செய்வினை என்கிறார். கிளினிக்கில் டொக்டர் மட்டும் வேறு கேள்வி கேட்டார்: "வீட்டில் என்ன எண்ணெய் பாவிக்கிறீங்க? எங்கே வாங்குறீங்க?"

எண்ணெய்க்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று தேடினேன். நம் தோட்டத்து மக்களின் கதையே கிடைத்தது.

1977, 78ஆம் ஆண்டுகளில் இலங்கையின் வெவ்வேறு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 20 தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கைகால் பலமிழந்தது. அதுவரை சுகமாக இருந்தவர்கள். எல்லோரும் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள். ஏன் இவர்களுக்கு மட்டும்?

வைத்தியர்கள் நிமால் சேனாநாயக்கவும் ஜெயரத்னமும் விடையைத் தேடிக் கண்டுபிடித்து, 1981இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். பிள்ளை பெரியவளானால் உடம்பு தேறட்டும் என்று நல்லெண்ணெய் கொடுப்பது நம் வழக்கம். அந்த எண்ணெயில் ட்ரை கிரெசில் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களில் சேர்க்கப்படும் பொருள் அது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றியதால் கலந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

இந்த நஞ்சு உடனே காட்டிக்கொடுக்காது. நரம்பைத் தாக்கி, ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் பாதத்தைத் தொங்கவைக்கும். அதற்குள் சாப்பிட்டதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? பெரியவளான கையோடு பிள்ளை நடக்க முடியாமல் போனால் லயத்தில் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பாசத்தோடு எண்ணெய் கொடுத்த தாயின் மீதும் பிழையில்லை, பிள்ளையின் மீதும் பிழையில்லை. பிழை பீப்பாயில் இருந்தது.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதே நஞ்சு ஏழைகளைத்தான் தேடிப் போயிருக்கிறது. 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயத்தில் வந்தது. 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில், விமான எந்திர எண்ணெய் கலந்த மலிவுச் சமையல் எண்ணெயால் சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1988இல் கல்கத்தாவின் பெஹாலாவில் மறுபடியும் சமையல் எண்ணெயிலேயே வந்தது.

என் மனைவிக்கும் இதுதான் என்று சொல்லவில்லை. பலவீனத்துக்கு நூறு காரணம் உண்டு. அடுத்த வாரம் நரம்புப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் 'காரணம் தெரியவில்லை' என்பதும் 'காரணம் இல்லை' என்பதும் ஒன்றல்ல. அந்த 20 பிள்ளைகளுக்கும் காரணம் இருந்தது. கேட்க ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், கடந்த ஒரு மாதத்தில் என்ன சாப்பிட்டார், என்ன மருந்து குடித்தார், எந்தக் கிருமிநாசினி அடித்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி டொக்டரிடம் காட்டுங்கள். மூச்சோ விழுங்குவதோ கஷ்டமானால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பெயர் தெரியாத கேனில் வரும் எண்ணெயை, விலை குறைவென்று வாங்காதீர்கள்.

அவருக்காக துஆ செய்யுங்கள், பிரார்த்தியுங்கள்.